மூன்று இடங்களிலும் சேர்க்கை கிடைத்துவிட்டது: எதை விடுவது?

காகிதக்கப்பல் | மார்ச் 19, இரவு 9.40

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்ததில் மூன்று இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்திருக்கிறது. மூன்றும் நல்ல பல்கலைக்கழகங்கள். பெயர்களைச் சொல்லாமல் அ, ஆ, இ என்றே எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு முழுவதும் பெயரைச் சுற்றியே போய்விடும்.

என் துறை நிலத்தடி நீரியல். கிரேஸ் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பில் பதிவுசெய்த நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு, ஒரு நிலப்பரப்பின் அடியில் நீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணிக்கும் வேலை. இதைத்தான் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே செய்வது என்பதில்தான் குழப்பம்.

அ: அமெரிக்காவில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் தெரியாதவர் இல்லை. பெரிய துறை. முதல் ஆண்டுக்கு மட்டும் உதவித்தொகை உறுதி. அதன் பிறகு நெறியாளரின் ஆய்வு மானியத்தைப் பொறுத்தது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். நெறியாளர் யார் என்பதே முதல் ஆண்டு இறுதியில்தான் முடிவாகும்.

ஆ: இதுவும் அமெரிக்கா. பொதுத் தரவரிசையில் அ-வைவிட வெகுதூரம் கீழே. ஆனால் என் துறையில் நான் விரும்பிப் படித்த கட்டுரைகளில் பல இங்கிருந்து வந்தவை. ஐந்து ஆண்டுகளுக்கு உதவித்தொகை எழுத்தில் இருக்கிறது. என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் பேராசிரியர் இளையவர். உதவிப் பேராசிரியராக இது அவருக்கு நான்காம் ஆண்டு. நிரந்தரப் பணி இன்னும் ஆகவில்லை.

இ: நெதர்லாந்து. நான்கு ஆண்டு ஒப்பந்தம், ஊழியருக்கான சம்பளத்தோடு. நெறியாளர் துறையின் மூத்த பெயர்களில் ஒருவர். தலைப்பு அவர்களுடைய திட்டத்தில் முன்பே முடிவானது. நான் செய்ய நினைப்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க இடங்களுக்கு ஏப்ரல் 15 கெடு. ஆனால் அ-வின் அலுவலகம் இந்த மாத இறுதிக்குள் சொல்லிவிட்டால் நல்லது என்று மறுபடியும் மறுபடியும் எழுதுகிறது. இ-க்கு மார்ச் 31 கடைசி நாள். வீட்டில் எல்லோரும் அ என்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் கேள்விப்பட்ட பெயர் அது ஒன்றுதான். எனக்கு மனம் ஆ-வின் பக்கம் சாய்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய பெயரை விட்டுவிட்டுப் பின்னால் வருந்துவேனோ என்ற பயம் விடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செங்காந்தள் | மார்ச் 19, இரவு 10.25

வாழ்த்துகள். முதலில் அந்த மாத இறுதிக் கதையைத் தீர்த்துவிடுவோம்.

அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சில் வெளியிட்ட "ஏப்ரல் 15 தீர்மானம்" என்று ஒன்று இருக்கிறது. உதவித்தொகையோடு வரும் சேர்க்கைக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும் கடமை மாணவருக்கு இல்லை என்பது அதன் சாரம். கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. அ அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "ஏப்ரல் 15 தீர்மானத்தின்படி அந்தத் தேதிக்குள் உறுதியாகத் தெரிவிக்கிறேன்" என்று மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். தொல்லை நின்றுவிடும்.

நெதர்லாந்தை இந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. அங்கே இது வேலை நியமனம் போன்றது. அதனால் காரணத்தைச் சொல்லி ஒரு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். கேட்பதால் யாரும் இடத்தைப் பறித்துவிட மாட்டார்கள். பதில் சொல்லாமல் இழுத்தடித்தால்தான் கோபம் வரும்.

நான் ஆய்வின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். மூன்று இடத்திலும் இப்போது படிக்கும் மாணவர்களோடு பேசினீர்களா? பேராசிரியர் கொடுக்கும் பெயர்களோடு மட்டும் பேசினால் போதாது.

மணற்கேணி | மார்ச் 20, காலை 7.15

எல்லோரும் "பெயர் முக்கியமில்லை, மனத்துக்குப் பிடித்த இடத்துக்குப் போ" என்று சொல்லப்போகிறார்கள். அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். பேராசிரியராக வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால் பெயர் முக்கியம். கசப்பாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

2015-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் கிளாசெட், ஆர்பெஸ்மன், லாரிமோர் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினி அறிவியல், வணிகம், வரலாறு ஆகிய மூன்று துறைகளில் யார் எங்கே பட்டம் பெற்று எங்கே பேராசிரியர் ஆனார்கள் என்று பார்த்தார்கள். கால்பங்கு நிறுவனங்களிலிருந்து வந்தவர்களே 71 முதல் 86 சதவீத இடங்களை நிரப்பியிருந்தார்கள். 2022-இல் நேச்சர் இதழில் வாப்மனும் சகாக்களும் இதையே எல்லாத் துறைகளுக்கும் விரித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பட்டம் பெற்ற பேராசிரியர்களில் 80 சதவீதம் பேர் ஏறத்தாழ 20 சதவீதப் பல்கலைக்கழகங்களின் தயாரிப்பு. பெர்க்லி, ஹார்வர்டு, மிச்சிகன், விஸ்கான்சின் மேடிசன், ஸ்டான்ஃபோர்டு ஆகிய ஐந்து மட்டுமே எட்டில் ஒருவருக்குச் சற்று மேல் தந்திருக்கின்றன.

மேலிருந்து கீழே இறங்கி வேலைக்குப் போவது எளிது; கீழிருந்து மேலே ஏறுவது அரிது என்பதுதான் அந்த ஆய்வுகள் காட்டுவது. இது அநியாயம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அநியாயத்தைத் திருத்தும் பொறுப்பை 22 வயது மாணவரின் தோளில் ஏற்றிவிட்டு நாம் கைதட்டக்கூடாது.

வடக்குநட்சத்திரம் | மார்ச் 20, பிற்பகல் 2.50

மணற்கேணி சொல்லும் எண்கள் சரியானவை. அவற்றை மறைத்துப் பேசுவது மாணவருக்குச் செய்யும் துரோகம். ஆனால் அந்த எண்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பட்டத்தை முடித்து, அதன் பின் பேராசிரியர் வேலையும் பெற்றவர்கள் மட்டும். படிப்பை நடுவில் விட்டுப் போனவர்கள் அந்த எண்களில் இல்லை.

அவர்கள் எத்தனை பேர்? அதே பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சில் முனைவர் பட்டம் முடிப்போர் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. சேர்ந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகும் 57 சதவீதம் பேர்தான் பட்டம் பெற்றிருந்தார்கள். பொறியியலில் 64 சதவீதம், மொழி, இலக்கியம், மெய்யியல் போன்ற கலைப் புலங்களில் 49 சதவீதம். இத்தனைக்கும் சேர்ந்தவர்கள் எல்லோரும் வடிகட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். திறமை இல்லாதவர்கள் என்று ஒருவரையும் ஒதுக்க முடியாது.

சேர்க்கைக் குழுக்களில் நெடுங்காலம் உட்கார்ந்திருக்கிறேன். விட்டுப் போனவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது மூன்று காரணங்கள். நெறியாளரோடு ஒத்துப்போகவில்லை. பணம் நடுவில் நின்றது. எந்தக் கேள்விக்காக வந்தார்களோ அந்தக் கேள்வியில் வேலை செய்ய ஆள் இல்லை. இந்த மூன்றில் எதுவும் பல்கலைக்கழகத்தின் பெயர்ப் பலகையில் தெரியாது.

அ-வின் கடிதத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள், தங்கையே (தம்பியானாலும் பொறுத்துக்கொள்க). நெறியாளரும் முடிவாகவில்லை, இரண்டாம் ஆண்டின் பணமும் முடிவாகவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. முதல் ஆண்டு இறுதியில் நீங்கள் விரும்பும் ஆய்வகத்தில் மானியம் இல்லை என்றால், மானியம் இருக்கும் வேறோர் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே நிலத்தடி நீர் இருக்குமா என்பது வேறு கேள்வி. பெரிய துறைகளில் இந்த ஏற்பாடு வழக்கமானது. பலருக்கு நன்மையாகவும் முடிகிறது, குறிப்பாக எதில் ஆய்வு செய்வது என்று இன்னும் தெளியாதவர்களுக்கு. நீங்களோ தெளிந்துவிட்டதாக எழுதுகிறீர்கள். ஆகவே அ-விடம் நேராகக் கேளுங்கள்: அடுத்த ஆண்டு நீரியலில் எத்தனை பேராசிரியர்கள் புதிய மாணவரை எடுக்கிறார்கள்? கடந்த சில ஆண்டுகளில் மானியம் இல்லாமல் போன மாணவரைத் துறை என்ன செய்தது? பயிற்று உதவியாளர் வேலை கொடுத்துத் தாங்கியதா, கைவிட்டதா?

தரவரிசை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகப் பல்கலைக்கழகங்களுக்கென்று 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில் 30 சதவீத மதிப்பெண் நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற ஆசிரியர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் போகிறது. நீரியலுக்கென்று நோபல் பரிசே கிடையாது. அந்த 30 சதவீதம் உங்கள் ஆய்வகத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தம் நிறுவனமே அமெரிக்காவின் யூஎஸ் நியூஸ் வெளியிடும் கல்லூரித் தரவரிசைக்குக் கொடுத்த தகவல்களில் தவறுகள் இருப்பதை எடுத்துக்காட்டினார். அதுவரை 2-ஆம் இடத்தில் இருந்த கொலம்பியா அந்த ஆண்டு செப்டம்பரில் 18-ஆம் இடத்துக்குப் போனது. அந்த மாதங்களில் வகுப்பறைகளோ ஆசிரியர்களோ மாறிவிடவில்லை. மாறியது படிவத்தில் இருந்த எண்கள்தான்.

ஆ-விலும் கேட்க வேண்டியது உண்டு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மணற்கேணி | மார்ச் 20, மாலை 5.05

ஐயா, விட்டுப் போனவர்களைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆ-வின் இளம் பேராசிரியர் நிரந்தரப் பணி பெறாமல் போனால் மாணவரின் நிலை என்ன? அந்த ஆபத்து அ-வின் ஆபத்தைவிடச் சிறியதா?

வடக்குநட்சத்திரம் | மார்ச் 20, இரவு 8.30

அதைத்தான் எழுத வந்தேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் நிரந்தரப் பணி முடிவு பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் வரும். அவருக்கு இது நான்காம் ஆண்டு என்றால், நீங்கள் சேரும்போது அவர் ஐந்தாம் ஆண்டைத் தொடங்குவார். உங்கள் இரண்டாம் ஆண்டின் முடிவில் அவர் கதி தெரிந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் வழக்கமாக இன்னும் ஓர் ஆண்டு இருக்க விடுவார்கள். அதாவது உங்கள் மூன்றாம் ஆண்டின் முடிவில், ஆய்வின் நட்ட நடுவில், அவர் கிளம்ப வேண்டியிருக்கும்.

இது பயந்து ஓட வேண்டிய ஆபத்து இல்லை. முன்கூட்டியே கட்டிவைக்கக்கூடிய ஆபத்து. துறையில் இன்னொரு நீரியல் பேராசிரியர், நிரந்தரப் பணியில் இருப்பவர், இணை நெறியாளராக முதல் நாளிலிருந்தே இருக்கச் சம்மதிப்பாரா? உங்கள் ஐந்து ஆண்டு உதவித்தொகை அந்தப் பேராசிரியரோடு கட்டப்பட்டதா, துறையோடு கட்டப்பட்டதா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். இதைக் கேட்டால் அவர் மனம் புண்படுமோ என்று தயங்க வேண்டாம். தம் மாணவரைப் பற்றி யோசிக்கும் இளம் பேராசிரியர் இந்தக் கேள்விக்கு முன்பே விடை வைத்திருப்பார். மழுப்பினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இளம் நெறியாளரிடம் ஒரு நன்மையும் உண்டு. அவருக்கு உங்கள் கட்டுரை வெளிவர வேண்டிய அவசரம் உங்களைப் போலவே இருக்கும். வரைவு அவர் மேசையில் மாதக்கணக்கில் தூங்காது.

இ-யின் மூத்த பேராசிரியரைப் பற்றியும் இதே கேள்விதான், வேறு திசையிலிருந்து. நான்கு ஆண்டு ஒப்பந்தம் முடிவதற்குள் அவர் ஓய்வு பெறுவாரா?

செங்காந்தள் | மார்ச் 20, இரவு 9.10

மாணவர்களிடம் என்ன கேட்பது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

"நெறியாளர் நல்லவரா" என்று கேட்காதீர்கள். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாகக் கொடுத்த வரைவு எத்தனை நாளில் திரும்பி வந்தது? கடைசியாக உங்கள் கருத்து தவறு என்று அவர் நினைத்தபோது எப்படிச் சொன்னார்? போன கோடைக்காலத்தில் பணம் எங்கிருந்து வந்தது? (உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா என்பதைக் கடிதத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். மருத்துவக் காப்பீடும் மாணவர் கட்டணங்களும் அதற்குள் அடங்குமா என்பதையும் பாருங்கள். கல்விக் கட்டண விலக்கு என்று எழுதியிருந்தாலும் சில்லறைக் கட்டணங்கள் தனியாக வரும்.) நோய்வாய்ப்பட்டு யாராவது விடுப்பு எடுத்தார்களா, எடுத்தபோது என்ன நடந்தது?

பதிலைவிடப் பதிலுக்கு முன் வரும் மௌனத்தைக் கவனியுங்கள். எழுத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். காணொளி அழைப்பில் பேசுங்கள்.

இன்னொன்று, பலர் செய்யாதது. அந்த ஆய்வுக் குழுவின் இணையப் பக்க முகவரியை, பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணையக் காப்பகத்தில் போட்டு, ஐந்தாறு ஆண்டுக்கு முன் உறுப்பினர் பட்டியல் எப்படி இருந்தது என்று பாருங்கள். அன்று மாணவர்களாக இருந்தவர்களில் இன்று "முன்னாள் மாணவர்கள்" பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இரண்டு பட்டியலிலும் இல்லாமல் மறைந்துபோன பெயர்கள்தான் விட்டுப் போனவர்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேச முடிந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். அந்தக் குழுவில் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைகளையும் படியுங்கள். சடங்குக்கு எழுதிய நன்றியும் நெஞ்சிலிருந்து வந்த நன்றியும் படிக்கும்போதே பிரிந்து தெரியும்.

தேன்சிட்டு | மார்ச் 21, காலை 11.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு இளநிலைப் படிப்புக்கு அமெரிக்காவில் இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று மிகப் பெரிய பெயர். பெரும் கடன் வாங்க வேண்டும். மற்றொன்று அவ்வளவாக அறியப்படாதது, முழு உதவித்தொகை. மே 1-க்குள் சொல்ல வேண்டும். இங்கே சொல்லப்படுவது அவனுக்கும் பொருந்துமா?

எண்சுவடி | மார்ச் 21, பிற்பகல் 1.00

இளநிலைக்கு நெறியாளர் கேள்வி பொருந்தாது. ஆனால் உங்கள் தம்பியின் கேள்வியையே நேராக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அது. பெரிய பெயருள்ள கல்லூரியில் படித்தவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அது கல்லூரியாலா, அங்கே சேரும் மாணவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள் என்பதாலா? இதைப் பிரித்தறிய, ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பெரிய பெயருக்குப் போனார்கள், சிலர் சிறியதற்குப் போனார்கள். பின்னாளைய வருமானத்தில் சராசரியாகப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அங்கே இடம் பெறும் தகுதி இருந்தவர், வேறெங்கே போனாலும் அந்தத் தகுதியைக் கூடவே கொண்டுபோனார்.

ஆனால் ஒரு முக்கியமான விலக்கு. ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்குப் பெரிய கல்லூரி நன்மை செய்தது. பின்னர் அவர்கள் செய்த தொடர் ஆய்வில் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களுக்கும், பெற்றோர் அதிகம் படிக்காத மாணவர்களுக்கும் அதே நன்மை தெரிந்தது. வீட்டில் இல்லாத தொடர்புகளைக் கல்லூரி கொடுத்தது என்பது என் புரிதல்.

2023-இல் ராஜ் செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் மூவரும் வெளியிட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ சேர்ந்த பன்னிரண்டையும் மாநிலங்களின் முதன்மைப் பொதுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் வருமானத்தின் உச்சியில் உள்ள 1 சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி அளவு கூடுகிறது. பெரும் பெயருள்ள நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மும்மடங்காகிறது.

ஆகவே தம்பிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் குறுகிய உச்சிதான் இலக்கு என்றால் பெயருக்கு மதிப்பு உண்டு. நல்ல படிப்பு, நல்ல வேலை, அதற்கு மேல் பட்டமேற்படிப்பு என்றால், கடனில்லாமல் வெளியே வருவது அவனுக்குப் பெரிய சுதந்திரம். கடன் இருப்பவன் முதலில் கிடைக்கும் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் முழு உதவித்தொகை. ஆனால் அது நான்கு ஆண்டுக்கும் உறுதியா, குறைந்தபட்ச மதிப்பெண் நிபந்தனை உண்டா, அந்த நிபந்தனையால் எத்தனை பேர் இழக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பெரிய பெயரிடம் மற்ற கடிதத்தைக் காட்டி உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யக் கேட்பதிலும் தவறில்லை.

தேன்சிட்டு | மார்ச் 21, பிற்பகல் 1.45

மிக்க நன்றி. மதிப்பெண் நிபந்தனை இருக்கிறது, நாங்கள் கவனிக்கவே இல்லை. இன்றே எழுதிக் கேட்கச் சொல்கிறேன்.

எண்சுவடி | மார்ச் 21, பிற்பகல் 2.10

காகிதக்கப்பலுக்கும் ஒரு வார்த்தை. கிரேஸ் தரவு திறந்த தரவு. 2002 முதல் 2017 வரையிலானதும், 2018-இல் ஏவிய அடுத்த கிரேஸ் செயற்கைக்கோள் இணையின் தரவும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதற்காக எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செயற்கைக்கோள்களின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலமானது. நிலத்தடியில் நீரைத் தேக்கிவைக்கும் சிறிய நீர்கொள் படுகை ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமானால் கிணற்று அளவீடுகளோடு இணைத்தாக வேண்டும். பல பத்தாண்டுக் கிணற்றுப் பதிவுகளும், அவற்றைச் சேகரித்துச் சரிபார்த்த ஆட்களும் எந்தக் குழுவில் இருக்கிறார்கள்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஒரு கேள்விக்கு மூன்று இடத்திலும் பதில் தேடுவேன்.

காகிதக்கப்பல் | மார்ச் 29, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன்.

ஏப்ரல் 15 தீர்மானத்தைக் குறிப்பிட்டு எழுதியதும் அ-வின் அலுவலகம் உடனே ஒத்துக்கொண்டது. இ-யில் ஏப்ரல் 7 வரை நேரம் கொடுத்தார்கள்.

அ-வில் நீரியலில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் அடுத்த ஆண்டு யாரையும் எடுக்கவில்லை. மற்றவரின் ஆய்வகத்துக்கு இந்த ஆண்டு சேர்ந்தவர்களிலேயே பலர் காத்திருக்கிறார்கள். அவரோடு பேசினேன். மிக அருமையான மனிதர். ஒரு மணி நேரம் என் யோசனைகளைப் பொறுமையாகக் கேட்டு, நான் எண்ணியே பார்க்காத ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். ஆனால் "இடம் தருவேன் என்று இப்போது சொன்னால் அது நேர்மையாக இருக்காது" என்று சொல்லிவிட்டார்.

இ-யின் பேராசிரியர் மூன்றாம் ஆண்டில் ஓய்வு பெறுகிறார். அதை அவரே சொன்னார், யார் தொடர்வார் என்பதையும் சொன்னார். அதில் குறை ஒன்றும் இல்லை. தலைப்புதான் தடை. திட்டம் வெள்ளநீரைப் பற்றியது. நிலத்தடி நீருக்கு அதில் ஓர் அத்தியாயம் மட்டுமே இடம் உண்டு.

ஆ-வில் பழைய பட்டியலைப் பார்த்தேன். குழு புதியது என்பதால் விட்டுப் போனவர் ஒருவர்தான். அவரோடு பேச முடிந்தது. குடும்பக் காரணத்தால் விட்டதாகவும், பேராசிரியர் கடைசி வரை திரும்பி வரச்சொல்லி எழுதிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். நிரந்தரப் பணி பற்றிக் கேட்டபோது பேராசிரியர் மழுப்பவில்லை. முடிவு எப்போது வரும், வராவிட்டால் என்ன செய்வேன் என்று தெளிவாகச் சொன்னார். துறையில் மூத்த நீரியலாளர் ஒருவர் இணை நெறியாளராக இருக்கச் சம்மதிக்கிறார். கிணற்றுப் பதிவுகள் அவர் நீண்ட காலமாகச் சேர்த்தவை. எண்சுவடி கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஆ-வுக்குப் போகிறேன். வீட்டில் இன்னும் முழு மனதாக இல்லை. ஆனால் இணை நெறியாளர் பற்றியும், பணம் எப்படி வருகிறது என்பதைப் பற்றியும் விளக்கிச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார்கள்.

மணற்கேணி | மார்ச் 30, காலை 6.50

பேராசிரியர் வேலை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் இப்போதும் அ என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே இடம் உண்டு என்று அவராலேயே சொல்ல முடியவில்லை என்றால், நீங்கள் எடுத்தது நியாயமான முடிவு.

இதைச் செய்யுங்கள். அ-வின் அந்தப் பேராசிரியரை விட்டுவிடாதீர்கள். பல துறைகளில் ஆய்வேட்டுக் குழுவில் வெளிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர் இருக்கலாம். இரண்டாம் ஆண்டில், காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்கும்போது, அவரைக் கேளுங்கள். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் டிசம்பர் மாநாட்டுக்கு நீரியலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் வருவார்கள். அங்கே உங்கள் ஆய்வை விளக்கும் சுவரொட்டியைப் பார்க்க அவரை அழையுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவர் எழுதும் பரிந்துரைக் கடிதம் உங்களிடம் இருக்கும். பெரிய பெயர் திறக்கும் கதவில் ஒரு பகுதியாவது அப்படித் திறக்கும்.

வடக்குநட்சத்திரம் | மார்ச் 30, காலை 9.15

மணற்கேணி சொன்னது பொன்னான யோசனை. அதோடு, ஆ-வுக்குச் சம்மதம் சொல்லும் முன் இணை நெறியாளர் ஏற்பாட்டைத் துறையின் பட்டமேற்படிப்பு இயக்குநரிடமிருந்து மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இயக்குநர்கள் மாறுவார்கள், மின்னஞ்சல் இருக்கும்.

காகிதக்கப்பல் | மார்ச் 30, மாலை 4.30

ஐயா சொன்னபடி இயக்குநருக்கு எழுதிவிட்டேன். அவர் பதில் வரும்வரை அ-வுக்கும் இ-க்கும் எதுவும் சொல்லாமல் இருக்கலாமா? மறுப்பதை எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. அவ்வளவு நேரம் கொடுத்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

செங்காந்தள் | மார்ச் 30, மாலை 5.20

இயக்குநரின் பதில் வரும்வரை அ-வை வைத்திருங்கள். இ-க்கு இன்றே எழுதிவிடுங்கள். அங்கே போகப்போவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் விடும் இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் தினமும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் விசா, வீடு, பயணம் என்று எல்லாம் இருக்கிறது. ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் அவருக்கு அது பெரிய உதவி.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். ஆ எந்தப் பல்கலைக்கழகம், ஏன் என்றெல்லாம் விளக்கவும் வேண்டாம், அவர்கள் கேட்டால் சொல்லலாம். இப்படி எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, உங்கள் குழுவில் இடமளித்ததற்கும், என் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னதற்கும் மனமார்ந்த நன்றி. நன்கு யோசித்தபின், நிலத்தடி நீரை மையமாகக் கொண்ட வேறொரு இடத்தில் சேர முடிவுசெய்திருக்கிறேன். எனக்கு ஒதுக்கிய இடத்தை வேறொருவருக்கு அளிக்க வேண்டுகிறேன். உங்கள் ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பேன். மாநாடுகளில் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தால் மகிழ்வேன்."

அ-வின் பேராசிரியருக்கு எழுதும்போது, அவர் சுட்டிக்காட்டிய அந்தக் குறையை எப்படிச் சரிசெய்ய நினைக்கிறீர்கள் என்று இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல், இணையதளத்தில் மறுப்புப் படிவம், இரண்டும் வேண்டும். படிவத்தை மறந்தால் உங்கள் இடம் காலியானதாகவே அவர்கள் கணக்கில் வராது.